உட்ஸ்டாக் இலவசம் என்றால் பில் கட்டியது யார்? (60களின் ராக் இசையும் ஹிப்பிகளும்)

மழைக்கால_ரேடியோ

வணக்கம் மக்களே. 60களின் ராக் கச்சேரிப் படங்கள் மூன்றைச் சமீபத்தில் அடுத்தடுத்துப் பார்த்தேன். 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மான்டரே, 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக், அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று மறுபடி கலிபோர்னியாவில் ஆல்டமாண்ட். கடைசி இரண்டுக்கும் நடுவே நான்கு மாதம்கூட இல்லை. அதே வயதுப் பிள்ளைகள், அதே கஞ்சா, அதே எல்எஸ்டி. ஜெஃபர்சன் ஏர்பிளேன், சன்டானா என்று மேடை ஏறிய குழுக்களிலும் சில அதேதான். உட்ஸ்டாக்கில் நாலு லட்சம் பேர் மழையில் நனைந்து, சேற்றில் படுத்து எழுந்து, பெரிய அடிதடி ஒன்றும் இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஆல்டமாண்டில் மேடைக்கு எதிரிலேயே 18 வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொல்லப்பட்டான்.

இதற்கு எல்லாரும் சொல்லும் பதில், அன்பும் அமைதியுமாகக் கூடி வாழலாம் என்ற "ஹிப்பிக் கனவு கலைந்தது" என்பது. எனக்கு அது தலைப்புச் செய்தி மாதிரிதான் தெரிகிறது. ஆகஸ்டில் இருந்த கனவு டிசம்பருக்குள் எப்படிக் கலையும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடுப்பு_கந்தசாமி

அப்பா காசில் ஊர் சுற்றிய வசதியான வீட்டுப் பிள்ளைகள். காசு தீர்ந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாட்டு அதற்கு ஒரு சாக்கு. இதில் ஆராய என்ன கிடக்கிறது?

கணக்குப்பிள்ளை

கந்தசாமி அண்ணன் திட்டினாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். காசைப் பார்ப்போம்.

உட்ஸ்டாக்கை இலவசமாக நடத்த யாரும் திட்டமிடவே இல்லை. முன்பதிவுக்கு 18 டாலர், வாசலில் 24 டாலர். ஏறத்தாழ 1,86,000 டிக்கெட் முன்கூட்டியே விற்றிருந்தது. முதலீடு ஜான் ராபர்ட்ஸுடையது. பல்செட் சாமான் விற்றுச் செழித்த மருந்துக் கம்பெனிக் குடும்பத்து வாரிசு அவர். மைக்கேல் லாங், ஆர்ட்டி கார்ன்ஃபெல்ட், ஜோயல் ரோசன்மன் மூவரும் கூட்டாளிகள். முதலில் வால்கில் என்ற ஊரில் இடம் பிடித்து வேலையையும் தொடங்கிவிட்டார்கள். ஜூலை நடுவில் அந்த ஊர்க்காரர்கள் அனுமதி மறுத்தார்கள். விழாவுக்கு ஒரே மாதம்தான் பாக்கி.

அப்போது பெத்தல் என்ற ஊரில் தன் பால் பண்ணை நிலத்தைக் கொடுத்தவர் மேக்ஸ் யாஸ்கர். குடியரசுக் கட்சிக்காரர், வியட்நாம் போரை ஆதரித்தவர், ஹிப்பி வாடையே படாதவர். 'இவரிடம் பால் வாங்காதீர்கள், ஹிப்பி விழாவை நிறுத்துங்கள்' என்று அக்கம்பக்கத்தார் பலகை வைத்தார்கள். அதைப் பார்த்ததும்தான் மனுஷனுக்கு வீம்பு ஏறியது, நடத்தியே தீருவது என்று முடிவு செய்தார் என்று அவர் மனைவி பின்னாளில் சொன்னார்.

நாள் போதவில்லை. மேடை, வேலி இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை. மேடையைக் கட்டினார்கள். வேலி முடிவதற்குள் பல்லாயிரம் பேர் உள்ளே வந்து துண்டு விரித்து உட்கார்ந்தாகிவிட்டது. அவர்களை எழுப்பி டிக்கெட் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? இனி இது இலவசக் கச்சேரி என்று மேடையிலிருந்து அறிவித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை இரவு இன்னொரு கூத்து. கையில் பணம் வராமல் மேடை ஏற மாட்டோம் என்று த ஹூ, கிரேட்ஃபுல் டெட் குழுக்களின் ஆட்கள் நின்றுகொண்டார்கள். உள்ளூர் வங்கி மேலாளரை ராத்திரியில் எழுப்பி, வங்கியைத் திறக்கவைத்துக் காசோலை எடுத்து வந்த பிறகுதான் பாட்டு. எல்லாம் முடிந்தபோது பத்து லட்சம் டாலருக்கு மேல் கடன். அதைக் குறைத்தது வார்னர் பிரதர்ஸ் 1970இல் வெளியிட்ட ஆவணப்படமும் அதையொட்டி வந்த இசைத்தட்டுகளும்தான். அப்படியும் முதலுக்கு மோசமில்லை என்ற இடத்துக்கு வந்து சேரப் பத்து ஆண்டு போல ஆகிவிட்டது.

வந்தவனுக்கு இலவசம்தான். பில் மட்டும் ராபர்ட்ஸ் வீட்டுக்குப் போனது. ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தப் பக்கத்திலிருந்துதான் தேட வேண்டும் என்பது என் கட்சி.

நிலாச்சோறு

கணக்குப்பிள்ளை அண்ணா, பணத்தோடு நிறுத்திவிட்டீர்களே. சமைத்தது யார்?

எல்லாம் தொடங்கிய இடத்துக்குப் போவோம். சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி. விக்டோரியா காலத்துப் பெரிய மரவீடுகள், மலிவான வாடகை. நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு மாடியே கிடைக்கும். கிரேட்ஃபுல் டெட் குழுவினர் ஆஷ்பரி தெரு 710ஆம் எண் வீட்டில் கூட்டாகக் குடியிருந்தார்கள். அங்கே 1966 இலையுதிர் காலத்தில் டிக்கர்ஸ் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. நாடகக் குழு ஒன்றிலிருந்து பிரிந்து வந்தவர்கள். எம்மெட் கிரோகன், பின்னாளில் சினிமா நடிகரான பீட்டர் கயோட்டி எல்லாம் அதில் இருந்தார்கள். தினமும் மாலை 4 மணிக்குப் பான்ஹேண்டில் என்ற பூங்காப் பட்டையில் சாப்பாடு போட்டார்கள். பெரிய தகரப் பால் கேன்களில் ஸ்டூ வரும். மஞ்சள் வண்ணமடித்த பெரிய மரச்சட்டம் ஒன்றை நிறுத்தியிருப்பார்கள். அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனால் தட்டு நிறையும். ஏன், எதற்கு, யார் நீ என்ற கேள்வி கிடையாது. பிறகு 1967இல் கோதுமை ரொட்டியும் சேர்ந்தது. அச்சுப் பாத்திரம் வாங்கக் காசு இல்லாததால் காலி காப்பித்தூள் டப்பாவில் மாவை ஊற்றிச் சுட்டார்கள். ரொட்டி டப்பா வடிவில், உருண்டையாக நீண்டு வரும்.

இதில் அறிக்கை எழுதியதும் பேட்டி கொடுத்ததும் பெரும்பாலும் ஆண்கள். விடிகாலையில் மொத்தக் காய்கறிச் சந்தைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய், விற்காத காய்களைக் கேட்டு வாங்கி, கழுவி நறுக்கிச் சமைத்தது பெரும்பாலும் பெண்கள். சரித்திரத்தில் யார் பெயர் நின்றது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1967 ஜனவரி 14 அன்று கோல்டன் கேட் பூங்காவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். கவிஞர் கின்ஸ்பெர்க், எல்எஸ்டி பிரசாரகர் டிமதி லியரி, உள்ளூர்க் குழுக்கள் எல்லாரும் வந்தார்கள். பத்திரிகையும் டிவியும் அதைப் பெரிதாக்கின. மே மாதம், சான் பிரான்சிஸ்கோ போகிறாயா, தலையில் பூ வைத்துக்கொண்டு போ என்று ஸ்காட் மெக்கென்சி பாடிய பாட்டு வந்தது. எழுதியது லாஸ் ஏஞ்சல்ஸின் ஜான் பிலிப்ஸ், மான்டரே விழாவுக்கு ஒரு விளம்பரமாக. கோடை விடுமுறை விட்டதும் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஒரு லட்சம் வரை கணக்கு சொல்கிறார்கள். அந்தப் பேட்டையில் அவ்வளவு பேருக்கு ஏது படுக்கை, ஏது கழிப்பறை? டேவிட் ஸ்மித் என்ற இளம் டாக்டர் ஜூனில் இலவச மருத்துவமனை திறந்தார். பால்வினை நோய், ஈரல் வீக்கம், ஊசிப் புண், போதை தலைக்கேறிப் பயந்து நடுங்கும் பிள்ளைகள். மருந்துச் செலவுக்கு ராக் குழுக்கள் நிதிக் கச்சேரி நடத்திக் கொடுத்தன. ஆகஸ்டில் அங்கே வந்து பார்த்த பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனே, கலைஞர்கள் வாழும் தெருவை எதிர்பார்த்து வந்து, போதையில் சுருண்டு கிடக்கும் பிள்ளைகளைக் கண்டு வெறுத்துப் போய் எல்எஸ்டியை விட்டார்.

அக்டோபர் 6 அன்று அந்தப் பேட்டைக்காரர்களே 'ஹிப்பி செத்தான்' என்று சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் போனார்கள். உட்ஸ்டாக்குக்கு இரண்டு வருஷம் முன்பே காரியம் முடிந்துவிட்டது. ஆல்டமாண்டில் கனவு கலைந்தது என்பவர்கள் இந்தத் தேதியைப் பார்ப்பது நல்லது.

ரெக்கார்டு_பெட்டி

அம்மா நிலாச்சோறு, அருமை. ஆனால் இசை எங்கே? எல்லாரும் சோற்றையும் கடனையும் பேசினால் கிடாரைப் பற்றி யார் பேசுவது?

1965 வரை அமெரிக்க ரேடியோவில் பாட்டு என்றால் மூன்று நிமிஷம். ஏஎம் அலைவரிசை, சளசளவென்று பேசும் அறிவிப்பாளர், விளம்பரம், அடுத்த பாட்டு. சான் பிரான்சிஸ்கோ குழுக்கள் அதற்குள் அடங்கவில்லை, ஏனென்றால் அவர்கள் வளர்ந்தது ரேடியோவுக்காக இல்லை, ஆட்டத்துக்காக. பில் கிரஹாம் நடத்திய ஃபில்மோர், செட் ஹெல்ம்ஸ் நடத்திய அவலான் இரண்டும் பழைய நடனக் கூடங்கள். நாற்காலி கிடையாது. ஜனம் ஆடிக்கொண்டே இருக்கும், பாட்டை நிறுத்த மனம் வராது, பத்து நிமிஷம், இருபது நிமிஷம் போகும்.

ஒளிக்காட்சி என்று ஒன்று உண்டு. கடிகார முகப்புக் கண்ணாடி குழிவாக இருக்குமே, அதில் ஒன்றை எடுத்து வண்ணம் கலந்த நீரும் எண்ணெயும் ஊற்றி, இன்னொன்றை மேலே வைத்து, வகுப்பறையில் பாடம் நடத்தும் புரொஜக்டர் மேல் வைப்பார்கள். தாளத்துக்குத் தகுந்தபடி மேல் கண்ணாடியை விரலால் அழுத்தி அழுத்தி விட்டால், குழுவுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சிவப்பும் நீலமும் குமிழ் குமிழாக வெடித்துப் பிரியும். கம்ப்யூட்டர் ஏது, கைவேலைதான். ஒளிக்காட்சிக்காரரும் ஒரு வாத்தியக்காரர் மாதிரிதான்.

அப்புறம் சட்டம் ஒன்று உதவி செய்தது. ஒரு லட்சத்துக்கு மேல் ஜனம் உள்ள ஊர்களில், ஏஎம்மில் போவதையே எஃப்எம்மிலும் பாதி நேரத்துக்கு மேல் ஒலிபரப்பக் கூடாது என்று அமெரிக்க அரசு விதி கொண்டுவந்தது. காலியான அந்த நேரத்தில் என்ன போடுவது? 1967 ஏப்ரலில் டாம் டோனஹ்யூ கேஎம்பிஎக்ஸ் நிலையத்தில் இசைத்தட்டின் முழுப் பக்கத்தையே ஓடவிட்டார். ஏஎம்மில் முன்னணி அறிவிப்பாளராக இருந்தவர்தான் அவர். நீளப் பாட்டு வீட்டுக்குள் நுழைந்தது அப்படித்தான். ஹிப்பிகளின் புரட்சி என்று எழுதுகிறவர்கள் இந்த அலைவரிசை விதியைச் சொல்வதே இல்லை. பாதிப் பெருமை அதற்குப் போக வேண்டும் என்பேன்.

கணக்குப்பிள்ளை

> பாதிப் பெருமை அதற்குப் போக வேண்டும்

மீதிப் பாதியை கம்பெனிகள் எடுத்துக்கொண்டன ஐயா. மான்டரேயில் பாடகி ஜானிஸ் ஜோப்ளினின் குழு முதலில் படம் பிடிக்கச் சம்மதிக்கவில்லை. சனிக்கிழமை அவர் பாடியதைக் கேட்டு ஊரே வாயைப் பிளந்தது, கேமரா மட்டும் சும்மா இருந்தது. பேசிச் சமாதானப்படுத்தி ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை மேடை ஏற்றிப் படம் பிடித்தார்கள். அந்த விழாவில் உட்கார்ந்திருந்த, கொலம்பியா ரெக்கார்டு கம்பெனியின் கிளைவ் டேவிஸ் பிறகு அந்தக் குழுவை வாங்கினார். அடுத்த ஆண்டே, எங்கள் இசையை அதிகாரத்தால் அடக்க முடியாது என்கிற பாணியில் அதே கொலம்பியா விளம்பரம் கொடுத்தது. அதிகாரத்தை எதிர்க்கும் கார்ப்பரேட் கம்பெனி! இதற்கு நான் என்ன சொல்ல.

கொங்குக்காரன்

உட்ஸ்டாக்குன்னா எங்க ஊர்ப் பெருமை ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லக் காணோம்.

வெள்ளிக்கிழமை ரிச்சி ஹேவன்ஸ் பாடி முடித்த பிறகு, அந்த மேடையில் காவி உடையும் தாடியுமாக உட்கார்ந்து கூட்டத்துக்கு ஆசி சொன்னவர் சுவாமி சச்சிதானந்தா. கோவைப் பக்கத்துச் செட்டிபாளையத்துக்காரர். 1914இல் பிறந்தவர், இயற்பெயர் ராமசாமி. ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கினார். அந்தச் சிவானந்தரும் நம்ம பத்தமடைக்காரர்தான். பாய்க்குப் பேர்போன ஊரிலிருந்து ஒருத்தர், கோவையிலிருந்து ஒருத்தர், நடுவில் இமயமலை, கடைசியில் நியூயார்க்கில் மாட்டுப் பண்ணை!

ஓவியர் பீட்டர் மாக்ஸ் அழைத்து 1966இல் நியூயார்க் போனார். சில நாள் தங்கப் போனவர் அங்கேயே ஊன்றிவிட்டார். உட்ஸ்டாக் பேச்சு சின்னதுதான். உலகத்துக்குப் பொருளால் உதவிய அமெரிக்கா இனி ஆன்மிகத்தாலும் உதவ வேண்டும், உலகை ஆள்வது அணுவின் அதிர்வு இல்லை, ஒலிதான் என்கிற மாதிரி பேசிவிட்டு, கூட்டத்தை 'ஹரி ஓம்' சொல்ல வைத்தார். அவ்வளவு பெரிய கூட்டம் முதல் நாளே அமைதியாக உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். கணக்கில் வராத செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப்பிள்ளை.

கோணேசர்_பூமி

கொங்குத் தம்பி, நடுவில எங்கட ஊரை விட்டிட்டீங்கள். அமெரிக்கா போகுமுன் பத்து வருசத்துக்கு மேலாக அவர் இலங்கையில்தான் இருந்தவர். 1953 தொடக்கம் திருகோணமலையிலும் பிறகு கண்டியிலும் சிவானந்தரின்ட சங்கத்துக்காகப் பணி செய்தவர். அமெரிக்காவுக்கு வழி திறந்ததும் இலங்கைக்கு வந்துபோன வெளிநாட்டுக்காரரின்ட பழக்கத்தாலதான். ஹிப்பிகள் தரை வழியாக இந்தப் பக்கம் வரத் தொடங்கின காலத்தில எங்கட சாமி எதிர்த் திசையில போயிட்டார்.

கடுப்பு_கந்தசாமி

காவி கட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? அதே சாமியார் மேல் 1991 வாக்கில் பழைய சிஷ்யைகள் பாலியல் புகார் சொன்னதையும் எழுதுங்கள்.

கொங்குக்காரன்

சொன்னார்கள், அவர் மறுத்தார், வழக்கு எதுவும் பதிவாகவில்லை. உட்ஸ்டாக் பேச்சு உட்ஸ்டாக் பேச்சுதான் அண்ணா.

மட்டுறுத்துநர்

சாமியார்கள் பற்றித் தனி இழை இருக்கிறது. இங்கே 60களின் இசையோடு நிற்போம்.

தாளவாத்தியம்

இசைக்கே வருகிறேன். மான்டரேயில் எல்லாரும் சம்பளம் இல்லாமல் வாசித்தார்கள் என்பார்கள். போக்குவரத்தும் தங்குமிடமும் மட்டும்தான் கொடுத்தார்கள், கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கும் அதே கதிதான். சம்பளம் வாங்கிய ஒரே ஆள் பண்டிட் ரவிசங்கர், 3,000 டாலர். விழா இலவச மனப்பான்மைக்கு மாறுவதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டுவிட்டார். ஞாயிறு மதியம் முழுக்க அவருக்கே ஒதுக்கப்பட்டது. மூன்று மணி நேரத்துக்கும் மேல், அல்லா ரக்கா தபலா. வாசிக்கும்போது புகைக்க வேண்டாம் என்று கூட்டத்திடம் கேட்டுக்கொண்டார், கேட்டார்கள். அந்தப் படத்தின் கடைசிப் பகுதியில் சிதாரும் தபலாவும் ஒன்றையொன்று துரத்தும்போது கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகக் காட்டுவார்கள். ஹென்ட்ரிக்ஸும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அன்று இரவு அதே ஹென்ட்ரிக்ஸ் கிடாரைக் கொளுத்தியதைப் பார்த்து ரவிசங்கர் நொந்துபோனார். வாத்தியத்தைச் சாமியாகக் கும்பிடும் மரபில் வந்தவர், வேறென்ன செய்வார்?

இரண்டு ஆண்டு கழித்து உட்ஸ்டாக்கில் முதல் நாள் இரவு மழையில் வாசித்தார். அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. சேற்றில் புரளும் கூட்டம் நம்ம ஊர் எருமைகளை நினைவுபடுத்தியது என்று பின்னால் எழுதினார். 1971இல் வங்கதேசத்துக்கான நிதிக் கச்சேரியில் சுருதி சேர்த்ததற்கே கைதட்டினார்கள். சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்றார் சிரித்துக்கொண்டே.

சரி, ஏன் கர்நாடக சங்கீதம் இந்த அலையில் போகவில்லை? அதே காலத்தில் நம்மவர்களும் அமெரிக்காவில்தான் இருந்தார்கள். 1966 அக்டோபரில் எம்.எஸ். ஐ.நா. சபையில் பாடினார். மிருதங்கம் ரங்கநாதன் 1963 முதல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுத்தார், பாலசரஸ்வதியும் அங்கே போய்வந்தார். அங்கே படித்த ஜான் ஹிக்கின்ஸ் 1965இல் திருவையாற்று ஆராதனையிலேயே பாடினார். ஆனால் எல்லாம் வகுப்பறை வழி, சபா வழி. ராக் கிடார்க்காரர்களுக்குத் தேவைப்பட்டது வேறு. ஒரே சுருதி பின்னால் ஓட, வார்த்தை இல்லாமல், மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறிக்கொண்டே போகும் ஒரு நீளமான பாதை. அதைச் சிதார் ஆலாபனை அப்படியே கொடுத்தது. பைர்ட்ஸ் குழுவினர் 1966இல் அதைத்தான் கிடாரில் பிடிக்கப் பார்த்தார்கள். பட்டர்ஃபீல்ட் ப்ளூஸ் குழு அதே ஆண்டு பதின்மூன்று நிமிஷத்துக்கு ஒரே வாத்திய ஓட்டம் ஓடியது. நம்ம கச்சேரியின் உயிர் கீர்த்தனை. சாகித்யம் தெரியாதவனுக்கு அதில் பாதி வாசல் மூடியிருக்கும். அது குறை இல்லை. அந்தக் கூட்டத்துக்கு மூன்று நாளில் ஒட்டாது, அவ்வளவுதான்.

வடசென்னை_ப்ளூஸ்

பில்லை யார் கட்டியது என்று கேட்டீர்களே, கறுப்பினத்தவரை விட்டுவிட்டு எப்படிப் பேசுவது?

ஃபில்மோர் கூடம் இருந்தது கறுப்பினத்தவர் பேட்டையில். 'நகர மேம்பாடு' என்ற பெயரில் வீடு வீடாக இடித்துக்கொண்டிருந்த பேட்டை. அந்தக் கூடத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தவர் சார்லஸ் சல்லிவன் என்ற கறுப்பினத் தொழிலதிபர். ஜேம்ஸ் பிரவுன் மாதிரி ஆட்களை அங்கே மேடை ஏற்றியவர். அவர் கொடுத்த தேதிகளில்தான் பில் கிரஹாம் தொடங்கினார். 1966 ஆகஸ்டில் சல்லிவன் சுட்டுக் கொல்லப்பட்டார். மான்டரேயில் ஜானிஸைத் தூக்கி நிறுத்திய பாட்டு பிக் மாமா தார்ன்டன் எழுதிப் பாடியது. உரிமை ரெக்கார்டு கம்பெனி கையில் இருந்ததால் ஜானிஸின் வெற்றிப் பணம் தார்ன்டனுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

இன்னொன்று. 1969 கோடையில் உட்ஸ்டாக் ஒன்றுதான் நடந்த மாதிரி பேசுகிறோம். அதே கோடையில் நியூயார்க் ஹார்லெமில் மவுண்ட் மாரிஸ் பூங்காவில் ஞாயிறுதோறும் இலவசக் கச்சேரிகள். நீனா சிமோன், ஸ்டீவி வொண்டர், பி.பி. கிங், மஹாலியா ஜாக்சன். எல்லா நாளும் சேர்த்து மூன்று லட்சம் பேர் வந்தார்கள் என்கிறார்கள். பணம் கொடுத்தது ஒரு காப்பித்தூள் கம்பெனி, கூட நின்றது நகராட்சி. ஸ்லை ஸ்டோன் வாசித்த நாளில் கறுப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தார் பாதுகாப்புக்கு நின்றார்கள். ஸ்லை குழு அந்த மேடையிலும் ஏறியது, உட்ஸ்டாக்கிலும் ஏறியது. உட்ஸ்டாக் படம் அடுத்த ஆண்டே வந்து ஆஸ்கர் வாங்கியது. ஹார்லெம் நாடாக்கள் ஐம்பது ஆண்டு பெட்டிக்குள் கிடந்து 2021இல்தான் படமாக வந்தன. இவ்வளவு நேர்த்தியாக நடந்த இலவச விழாவை யாரும் 'கனவு' என்று சொல்லக் காணோம்.

மழைக்கால_ரேடியோ

இது எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி தோழர். ஆனால் ஆல்டமாண்ட் கேள்வி அப்படியே தொங்குகிறதே.

நிலாச்சோறு

உட்ஸ்டாக் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன், ஆல்டமாண்டை அண்ணா எடுத்துக்கொள்ளட்டும்.

உட்ஸ்டாக்கில் பாதுகாப்புக்கு வேலை ஓய்வில் இருக்கும் நியூயார்க் போலீஸ்காரர்களை அமர்த்தியிருந்தார்கள். கடைசி நேரத்தில் மேலதிகாரி தடை போட்டுவிட்டார். ஹாக் ஃபார்ம் என்ற கூட்டுப்பண்ணை ஆட்களை நியூ மெக்சிகோவிலிருந்து விமானத்தில் ஏற்கெனவே கூட்டி வந்திருந்தார்கள். அவர்கள் தலைவர் வேவி கிரேவியிடம் கூட்டத்தை எதை வைத்துக் கட்டுப்படுத்தப் போகிறீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, கிரீம் கேக்கும் சோடா பாட்டிலும் என்றார். கேலி இல்லை. போ, வா என்று மிரட்டாமல் தயவுசெய்து என்று கேட்பதுதான் அவர்கள் முறை. போதையில் பயந்து அலறுபவனுக்கு ஒரு கூடாரம். அவனோடு ஒருவர் உட்கார்ந்து பேசுவார். அவன் தெளிந்ததும் அடுத்து வருபவனோடு அவனையே உட்கார வைத்துவிடுவார்கள்.

சாப்பாட்டுக்கு லிசா லா என்ற பெண் அமைப்பாளர்களிடம் 3,000 டாலர் கேட்டு வாங்கிக்கொண்டு நியூயார்க் நகரத்துக்குப் போனார். உடைத்த கோதுமையும் ஓட்ஸும் மூட்டை மூட்டையாக வந்தன. கலக்க அவ்வளவு பெரிய பாத்திரம் ஏது? புது பிளாஸ்டிக் குப்பைத் தொட்டிகளை வாங்கி அதில் கலக்கிக் காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள். பக்கத்து ஊர் யூதர் சங்கத்துப் பெண்கள் சாண்ட்விச் செய்து அனுப்பினார்கள். ராணுவ ஹெலிகாப்டர் மருத்துவ உதவிக்கு வந்தது, வியட்நாம் போரை எதிர்த்துப் பாடிய கூட்டத்துக்கு! சாவு இல்லாமல் இல்லை. ஹெராயினில் ஒருவர், தூங்கும் பைக்குள் கிடந்தவர் மேல் டிராக்டர் ஏறி ஒருவர். கைகலப்பில் யாரும் சாகவில்லை.

கணக்குப்பிள்ளை

ஆல்டமாண்டுக்கு வருகிறேன்.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1969 அமெரிக்கப் பயணத்தில் டிக்கெட் விலை அதிகம் என்று பத்திரிகைகள் திட்டின. வாயை அடைக்க ஓர் இலவசக் கச்சேரி. இடம் சியர்ஸ் பாயிண்ட் கார்ப்பந்தயத் திடல் என்று முடிவாகி மேடையும் தயாரானது. ஸ்டோன்ஸ் இதைப் படம் பிடிக்கப் போகிறார்கள் என்பதால், படத்தின் உரிமையைக் கொடு, இல்லையென்றால் பெருந்தொகை கொடு என்று திடலின் சொந்தக்கார நிறுவனம் கேட்டது. இலவசக் கச்சேரி பட உரிமைச் சண்டையில் முறிந்தது. கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆல்டமாண்ட் பந்தயத் திடலுக்கு மாற்றினார்கள். ராவோடு ராவாக எல்லாவற்றையும் பிரித்துக் கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள்.

அந்த மேடையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். சியர்ஸ் பாயிண்டில் மேடை மேட்டின் மேல் வரும், ஜனம் கீழே நிற்கும். அதனால் உயரம் தேவையில்லை என்று ஒரு மீட்டரை ஒட்டித்தான் கட்டியிருந்தார்கள். ஆல்டமாண்டில் அது சரிவின் அடிவாரத்தில் வந்து உட்கார்ந்தது. மூன்று லட்சம் பேரின் பாரம் சரிவில் மேடையை நோக்கி இறங்குகிறது, தடுக்க இருப்பது இடுப்பளவு பலகை. உயர்த்த நேரமில்லை. மேடைக்கும் ஜனத்துக்கும் நடுவே ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பலை நிறுத்தினார்கள். அவர்களுக்குக் கூலி 500 டாலர் மதிப்புள்ள பீர். கையில் பில்லியர்ட்ஸ் கோல். ஜெஃபர்சன் ஏர்பிளேன் பாடிக்கொண்டிருக்கும்போதே அதன் பாடகர் மார்ட்டி பாலினை அடித்து மயக்கம் போட வைத்தார்கள். இந்த ஏற்பாட்டில் பெரும் பங்கு வகித்த கிரேட்ஃபுல் டெட், நிலைமையைக் கேட்டு வாசிக்காமலே திரும்பிப் போனது. இருட்டிய பிறகு ஸ்டோன்ஸ் ஏறினார்கள், மெரடித் ஹன்டர் என்ற கறுப்பினப் பையன் குத்துப்பட்டான். அவன் கையில் துப்பாக்கி இருந்தது படத்தில் பதிவாகியிருந்தது. குத்தியவரைத் தற்காப்பு என்று 1971இல் நடுவர் குழு விடுவித்தது. அன்று இன்னும் மூன்று பேர் விபத்தில் செத்தார்கள்.

விளக்கு, மேடைப் பொறுப்பில் சிப் மாங்க் என்பவர் உட்ஸ்டாக்கிலும் இருந்தார், இங்கேயும் இருந்தார். ஆள் மாறவில்லை. மேடை உயரமும் இடமும் நாளும் மாறின. லிசா லா மாதிரி மூட்டை தூக்க ஒருவரும் இல்லை. பத்து லட்சம் நஷ்டப்படத் தயாராக ஒரு ராபர்ட்ஸும் இல்லை. பீர் மட்டும் இருந்தது.

ரெக்கார்டு_பெட்டி

தம்பி, எல்லாவற்றையும் பலகையிலும் பில்லிலும் அடைத்துவிட முடியாது. ஹாக் ஃபார்ம் ஆட்கள் காசுக்கு வந்தவர்கள் இல்லையே? குப்பைத் தொட்டியில் கோதுமை கலக்கிய பெண்ணுக்கு அந்தக் கூட்டம் தன் கூட்டம் என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்தைத்தான் மற்றவர்கள் கனவு என்கிறார்கள். திங்கள்கிழமை காலை, பாதிக்கு மேல் ஜனம் போன பிறகு, ஹென்ட்ரிக்ஸ் தேசிய கீதத்தைக் கிடாரில் கதற வைத்தார். குண்டு விழுவது, எரிவது எல்லாம் அதில் கேட்கும். ராணுவத்தில் பாராசூட் படையில் இருந்தவர் அவர். அந்த நாலு நிமிஷம் எந்தக் கணக்கில் வரும்?

நிலாச்சோறு

ஐயா சொல்வது சரி. எண்ணம் இருந்தது, அதுதான் சந்தைக்கு வண்டி எடுக்க வைத்தது. எண்ணம் மட்டும் இருந்து வண்டி எடுக்காத இடங்களைத்தான் நான் குறை சொல்கிறேன்.

மழைக்கால_ரேடியோ

எனக்குப் போதுமான பதில் கிடைத்துவிட்டது. இனி படம் போதும், கேட்க வேண்டும். எதில் தொடங்க?

ரெக்கார்டு_பெட்டி

1967இல் வந்த ஜெஃபர்சன் ஏர்பிளேனின் சர்ரியலிஸ்டிக் பில்லோ. அப்புறம் 1968இல் வந்த ஜானிஸ் குழுவின் சீப் த்ரில்ஸ். மூன்றாவதாக ஸ்லை ஸ்டோனின் ஸ்டாண்ட், 1969. கிரேட்ஃபுல் டெட்டுக்கு ஸ்டூடியோ தட்டு வேண்டாம், கச்சேரிப் பதிவு கேளுங்கள். ரசிகர்கள் பதிவு செய்வதை அவர்களே அனுமதித்தார்கள், 1984 முதல் அதற்கென்று தனி இடமே ஒதுக்கினார்கள்.

தாளவாத்தியம்

கந்தசாமி அண்ணா, உங்களுக்கும் ஒன்று. 1991இல் வந்த பிளானட் டிரம். நம்ம விக்கு விநாயக்ராம் கடம், ஜாகிர் உசேன் தபலா, ஆப்பிரிக்க, பிரேசில் தாள வித்வான்கள். உலக இசைக்கு என்று கிராமி விருது ஏற்படுத்திய முதல் முறை அதற்குத்தான் கொடுத்தார்கள்.

கடுப்பு_கந்தசாமி

கேட்டேன். அடடா, கடம் கேட்கணும்னா இப்படிக் கேட்கணும். இதுதான் சங்கீதம். ஹிப்பி வாடையே இல்லை.

கணக்குப்பிள்ளை

அண்ணே, அந்த ஆல்பத்தை நடத்தினவர் மிக்கி ஹார்ட். கிரேட்ஃபுல் டெட்டின் டிரம்மர்.